ரத்தம் என்ன சொல்லும்?

"வாய்தான் பேசல அண்ணாச்சி, ரத்தமாவது பேசுமா?"

திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தம்பி கேட்டது இது. பத்தமடைக்காரன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக்கடை பில், எல்லாவற்றுக்கும் மேலே ரத்தப் பரிசோதனைக் காகிதம் ஒன்று. நான் 31 வருஷம் ரத்தம் எடுத்து, சுழற்றி, எண்ணை எழுதிக் கொடுத்தவன். வேலையை விட்டு வந்த பிறகும் சனம் விடுவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சுகர் ரிசல்ட்டை நீட்டியவர்கள் உண்டு. நான் டாக்டர் இல்லை. ஒரு எண் எப்படி வந்தது, எப்போது அதை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவன் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 18 நாள். வலது கை, வலது கால், கூடவே பேச்சும். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: "வேணாம்". டீ வேணுமா என்றால் வேணாம். சொல்லிக்கொண்டே இடது கை டம்ளரைப் பிடிக்கப் போகும். பேரனைத் தூக்கி மடியில் வைக்கவா என்றாலும் வேணாம்தான், ஆனால் அப்போது கை அசைவதில்லை. இந்த வித்தியாசத்தை அவன் எதேச்சையாகத்தான் சொன்னான். எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது.

"கண்ட நேரமும் அழுவுதாவ. சாப்பாடு இறங்க மாட்டேங்கு. விடியக்காலம் மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு மோட்டையே பாத்துட்டுக் கெடக்காவ. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னைக்கே பாய்த் தறியக் கழத்தி மச்சுல போட்டுட்டோம், கண்ணுல பட்டா வெசனப்படுவாவன்னு. இந்தா பாருங்க, இதுல ஸ்டார் போட்டிருக்கு. கார்டிசால் 27. இது கூடினா டிப்ரெஷனாம்லா? இன்னொரு டெஸ்ட்டு இருக்காம். ராத்திரி ஒரு மாத்திரையக் குடுத்துட்டு மறுநா ரத்தம் எடுத்தா கையோட தெரிஞ்சிருமாம். எடுத்துருவமா?"

ஏதோ ஒரு லேப்பின் துண்டுச்சீட்டில் 'மன அழுத்த ஹார்மோன் பேக்கேஜ்' என்று பார்த்துவிட்டு இவனே கூப்பிட்டிருக்கிறான். டாக்டர் எழுதியதல்ல. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பேச முடியாத தாயின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் தவிக்கிற மகனுக்கு, அச்சடித்து வருகிற ஒரு எண் எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலை விற்றுத்தான் நானும் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு, இந்தப் 18-ஆம் நாளில், ரத்தத்திடம் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்ல இரண்டு டீ ஆனது.

முதலில் காகிதத்தின் மேல்மூலையைப் பார்த்தேன். பழக்கதோஷம். ரத்தம் எடுத்த நேரம் காலை 11.20. பக்கத்தில் அச்சடித்திருந்த அளவு வரம்போ காலை 8 மணிக்கு உரியது.

"எத்தன குத்து குத்தினாவ?"

"மூணு. நரம்பு கெடைக்கல. உம்மா கத்திட்டாவ."

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்கிற சரக்கு அல்ல. விடிகிற நேரத்தில் ஏறி, காலை 8 மணிவாக்கில் உச்சத்தில் இருக்கும். பிறகு சரிந்து சரிந்து நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு வரும். அதனால் நேரம் தெரியாத கார்டிசால் எண், தேதி கிழிந்த பஸ் டிக்கெட் மாதிரி. ஊசிக்குப் பயந்தாலே ஏறும். வலி, காய்ச்சல், தூக்கமின்மை, பட்டினி என எதற்கும் ஏறும். ஏறத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது.

அவன் பத்தமடைக்காரன் என்பதால் எனக்குச் சுலபமாகப் போயிற்று. அவன் ஊர் வயலுக்குக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். மடை ஷட்டர் என்றால் என்ன, கால்வாயைக் கவனிக்கிற லஸ்கர் என்றால் யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "உடம்புக்குள்ளயும் அதே ஏற்பாடுதான் தம்பி" என்றேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் ஆபீஸ். அங்கே இருந்து, பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போகும். அதுதான் லஸ்கர். லஸ்கர் போய்ச் சொன்னால், இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி ஷட்டரைத் தூக்கும். கார்டிசால் ஓடும். சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றும், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், வீக்கத்தை அடக்கும். தண்ணீர் போதுமான அளவு வந்துவிட்டால் அந்தத் தகவல் மேலே திரும்பிப் போகும். ஆபீஸ் உத்தரவை நிறுத்தும், ஷட்டர் இறங்கும். போதும் என்று சொல்கிற இந்தத் திரும்பு வழியில்தான் விஷயமே இருக்கிறது.

அவன் சொன்ன அந்த ராத்திரி மாத்திரையின் பெயர் டெக்சாமெத்தசோன். கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் வைத்தவர்களுக்குக் கொடுத்தார்களே, அதே மருந்து. கார்டிசாலைப் போலவே வேலை செய்கிற செயற்கைச் சரக்கு, வீரியம் பல மடங்கு. ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் கொடுத்தால், லஸ்கருக்குப் பொய்த் தகவல் போன மாதிரி: தண்ணி நெறைய வந்துட்டு, மூடு. நல்ல நிலையில் இருக்கிற உடம்பு அதை நம்பிவிடும். மறுநாள் கார்டிசால் தரைக்கு இறங்கியிருக்கும். இறங்காமல் அடம்பிடித்தால், எங்கோ ஷட்டர் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

1960-இல் கிராண்ட் லிடில் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தச் சோதனைக்கு வடிவம் கொடுத்தது மனநோய்க்காக அல்ல; கார்டிசால் கட்டுமீறிச் சுரக்கிற குஷிங் நோயைப் பிடிப்பதற்காக. அந்த வேலைக்கு இன்றைக்கும் இது கைகொடுக்கிறது. மறுநாள் காலை எண் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குஷிங் இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியாகச் சொல்லலாம். மனச்சோர்வின் பக்கம் இதை இழுத்து வந்தவர் பெர்னார்ட் கரோல். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் நிறையப் பேருக்கு ஷட்டர் இறங்குவதில்லை என்று அவர் கண்டார். மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம் எடுத்து, 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் மனச்சோர்வு என்று 1981-இல் அவர் குழு எழுதியது. மனநல மருத்துவத்துக்கு முதல்முறையாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது! சுகருக்கு ஒரு எண் இருப்பதுபோல் துக்கத்துக்கும் ஒரு எண். உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி 11 மணிக்கு மாத்திரை விநியோகம் நடந்தது.

கொஞ்ச நாள்தான். மறதிநோய்க்காரர்களுக்கும் இறங்கவில்லை. குடியை நிறுத்தியவர்களுக்கும் இறங்கவில்லை. எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கும் இறங்கவில்லை. மறுபக்கம், சோர்ந்து சுருண்டு கிடந்த பலருக்கு அழகாக இறங்கிற்று. 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு உட்கார்ந்து அலசி, அன்றாட நோயறிதலுக்கு இது உதவுவது குறைவு என்று எழுதியது. கரோல் கடைசிவரை தன் சோதனைக்காக வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. எல்லா வாட்டத்துக்கும் அல்ல, மெலன்கோலியா என்ற கடுமையான வகைக்கு மட்டும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சனத்துக்கு அந்த 'மட்டும்' காதில் விழவில்லை. என் தொழிலில் நான் கண்டதும் அதுதான். எண் ஊரெல்லாம் போகும். அதனுடன் சேர்த்து எழுதிய அடிக்குறிப்பு லேப் வாசலைத் தாண்டாது.

"செரி அண்ணாச்சி, மத்தவங்களுக்கு ஆகாது. வாதத்துக்காவது ஆகுமா?"

மடக்கிவிட்டான். இதே கேள்வியை ஸ்வீடனின் வடபக்கம் ஊமியோ என்ற ஊரில் ஒரு மருத்துவக் குழு கேட்டுப் பார்த்திருக்கிறது. மோனிகா ஆஸ்ட்ரோம் என்பவரும் கூட்டாளிகளும் பக்கவாத நோயாளிகளை 3 வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, 1993-இல் 'ஸ்ட்ரோக்' இதழில் எழுதினார்கள். மாத்திரை கொடுத்து கார்டிசாலையும் அளந்தார்கள், மனசையும் தனியாக விசாரித்தார்கள். முதல் நாட்களில் ஷட்டர் இறங்காதவர்கள் யார் என்று பார்த்தால், மனச்சோர்வு உள்ளவர்கள் அல்ல. கைகால் அதிகம் விழுந்தவர்கள், இடம் காலம் தெரியாமல் குழம்பிக் கிடந்தவர்கள். மனச்சோர்வோடு அந்த ஹார்மோனுக்கு உண்டான உறவு தெரியத் தொடங்கியது வெகுநாள் கழித்துத்தான், உடம்பின் கலவரம் அடங்கிய பிறகு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துக்கொள் என்றேன் அவனிடம். குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஜங்ஷனுக்குள் தண்ணீர் ஏறிய நாள். அன்றைக்கு சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று, ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று அளந்து சொல்லலாம், பொய் இல்லை. ஆனால் அந்த அளவை வைத்துக்கொண்டு, பத்தமடையில் உன் வீட்டுக் கிணற்றில் ஊற்று அடைத்திருக்கிறதா என்று சொல்ல முடியுமா? இந்த 27 அந்த வெள்ளம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து உடம்பு நடுநடுங்கிப் போயிருக்கிறது என்கிறது. அது நமக்கு முன்னாலேயே தெரியும்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. மருந்துக்கடை பில்லை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாலாவது வரியில் ஃபெனிடாயின். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை வலிப்பு வந்ததாம்.

இந்த ஒரு வரியே அந்தச் சோதனையைக் கவிழ்த்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயினும் கார்பமசெபினும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், கல்லீரலை முடுக்கிவிட்டு டெக்சாமெத்தசோனைச் சீக்கிரமே கரைத்துவிடும். பொய்த் தகவல் லஸ்கரிடம் போய்ச் சேரவே சேராது. ஷட்டர் இறங்காது. ரிசல்ட்டில் ஸ்டார் விழும். வீட்டில் எல்லாரும் உம்மாவுக்கு மனநோய் என்று முடிவுகட்டுவார்கள், காரணம் ஒரு வலிப்பு மாத்திரை. இதற்கு நேர்எதிரான கூத்தும் உண்டு. மூட்டுவலிக்கு என்று விற்கிற சில பொடியிலும் லேகியத்திலும் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். மாசக்கணக்கில் அதைத் தின்ற ஆளுக்கு அட்ரினல் தூங்கிப்போயிருக்கும், கார்டிசால் தரையில் கிடக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உம்மா அப்படி எதுவும் சாப்பிட்டார்களா என்று கேட்டேன். இல்லை, தைலம்தான் என்றான். நல்லது.

ரத்தமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எடுக்க வேண்டியவை வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு சோடியம் குறைவது அடிக்கடி நடக்கிறது. 135-க்குக் கீழே போகப் போக ஆள் மந்தமாவார், தூங்கிவழிவார், குழம்புவார், சாப்பிட மாட்டார். பார்க்க அசல் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். பிரஷருக்குக் கொடுக்கிற நீர்மாத்திரை சில அதை இன்னும் குறைக்கும். தைராய்டு குறைந்திருந்தாலும் வாட்டம் வரும், ஆனால் நோய் முற்றியிருக்கிற வாரங்களில் டி.எஸ்.எச். எண்ணும் தடுமாறும், கொஞ்ச நாள் கழித்து ஒருதரம் பார்த்தால்தான் நம்பலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுத்தவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தசோகை, சிறுநீரில் கிருமி, சர்க்கரை இறக்கம் என்று சரிசெய்யக்கூடிய சாதாரணக் காரணங்களை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஆகிற செலவு, அந்தப் பேக்கேஜில் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. விடு, இன்னும் காசு கட்டவில்லைதானே என்றேன். பாதி கட்டியிருந்தான்.

டீ மாஸ்டர் இவ்வளவு நேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர், வடையை எண்ணெயிலிருந்து அரித்தபடி சொன்னார்: "எம்ஜிஆருக்கே வந்துச்சுல்லா. எந்திரிச்சு வந்து மறுபடி முதலமைச்சரா இருக்கலையா? தைரியமா இருக்கச் சொல்லுங்க உம்மாவ."

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை பக்கவாதம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது 1984 அக்டோபரில்தான். சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் சேர்ந்து வந்து, நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அவர் தேர்தலில் ஜெயித்ததும், 1985 பிப்ரவரியில் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர் பேச்சு கடைசிவரை முழுசாகத் திரும்பவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கதையைப் படுத்திருக்கிறவரின் காதில் ஓதுவது தைரியம் கொடுக்கும் என்று நினைக்கிறோம். பல சமயம் அது ஒரு பாரம். அவர் எழுந்தார், நான் எழவில்லை, அப்படியென்றால் என் மனசில் திடம் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குத் 'தைரியமா இரு' என்பது, கால் விழுந்தவரிடம் 'ஓடு' என்பதற்குச் சமம். இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. நல்ல மனுசன், வடையும் நன்றாகப் போடுவார்.

"அப்ப எப்பிடித்தான் கண்டுபிடிக்க? கேட்டா வேணாம்னுதான சொல்லுதாவ."

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதலில் அந்த அழுகை. "எவ்வளவு நேரம் அழுவுதாவ?" என்று கேட்டேன். யோசித்தான். யாராவது வாசலில் தலைகாட்டினால் பொங்கும். ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும், நின்றதும் ஒன்றும் நடக்காதது மாதிரி இருப்பார்கள். போன வெள்ளிக்கிழமை மாமா செத்துப்போன சேதி சொன்னபோது சிரித்துவிட்டார்களாம். வீட்டில் எல்லாரும் திகைத்து, புத்தி பிசகிவிட்டது, மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது.

அழுகையும் சிரிப்பும் முகத்துக்கு வருகிற பாதையில் மூளை ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. பக்கவாதத்தில் அந்தக் கடிவாளம் அறுந்தால், துக்கம் இல்லாமலே அழுகை வரும், சந்தோஷம் இல்லாமலே சிரிப்பு வரும். அவர்களுக்கே அது வெட்கமாக இருக்கும். அப்படி வருகிற அழுகையை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று சொல்லக்கூடாது. அதற்குத் தனியாக மருந்தும் உண்டு. வீட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது, கூட்டமாகச் சுற்றி நின்று தாங்களும் அழாமல், கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்புவது.

"அப்ப உம்மாவுக்கு டிப்ரெஷன் இல்லங்கியளா?"

அப்படிச் சொல்லவும் முடியாது. நான் பயப்படுவது அழுகைக்கு அல்ல, அவன் வாய்தவறிச் சொன்ன மற்றதுக்கு. விடியக்காலம் மூணு மணி. இறங்காத சாப்பாடு. டீக்கு நீளுகிற கை பேரனுக்கு நீளாதது. பேச முடிகிறவர்களிடம் மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்வி: கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? ஆமாம் என்றால் அடுத்த கேள்விகளுக்குப் போவார்கள். பேச்சு விழுந்தவர்களிடம் இது நடக்காது. அதற்காகவே, கூட இருப்பவரிடம் கேட்கிற கேள்விப்பட்டியல் ஒன்றை இங்கிலாந்தில் உண்டாக்கியிருக்கிறார்கள். அழுகிறாரா, ராத்திரி சரியாகத் தூங்குகிறாரா, கண்ணைப் பார்க்காமல் திருப்பிக்கொள்கிறாரா, காரியங்களிலிருந்து ஒதுங்குகிறாரா என்று. அதாவது ரத்தம் சொல்லாததை, பக்கத்தில் உட்கார்ந்து 18 நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மகனும் மகளும் சொல்வார்கள். நோட்டுப் போட்டு ஒரு வாரம் எழுதச் சொன்னேன். தூங்கிய நேரம், சாப்பிட்ட அளவு, எதற்குக் கை நீண்டது, எதற்கு நீளவில்லை. டாக்டர் கையில் கொடுக்க அந்த 27-ஐவிட அந்த நோட்டு மேல்.

ஊமியோ ஆட்கள் இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். 80 நோயாளிகளில் ஆரம்பத்திலேயே கடுமையான மனச்சோர்வு 25 சதவீதம் பேருக்கு. 3 மாதத்தில் 31. ஒரு வருஷத்தில் 16 ஆகக் குறைந்தது. அப்பாடா என்று நினைத்தால் 2 வருஷத்தில் 19, 3 வருஷத்தில் 29. ஆரம்பத்துச் சோர்வோடு சேர்ந்து வந்தவை பேச்சு விழுந்ததும் தனியாக வாழ்வதும். 3 மாதத்தில், குளிக்க, உடுக்க அடுத்தவரை நம்பியிருப்பது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, வந்து பார்க்க ஆள் குறைந்துபோவது. இந்த வரிசையை நான் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். நம் ஊரில் முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வாசல் நிறையும். மூணாவது வருஷம் எட்டிப் பார்க்கிற ஆள் யார்?

இடது மூளையில் அடிபட்டால்தான் மனச்சோர்வு வரும் என்று அவன் தங்கை செல்போனில் படித்திருக்கிறாள். ஒரு காலத்தில் பெரிய பேச்சாக இருந்த கருத்து அது. 2000-இல் 'லான்செட்' இதழில், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது தேறவில்லை. எந்தப் பக்கம் என்பதை விட்டுவிடலாம்.

மாத்திரை பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். மனச்சோர்வு இருக்கிறது என்று மருத்துவர் உறுதிசெய்தால் மருந்து உதவும், பலன் தெரிய சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே கேட்கவில்லை என்று நிறுத்தக்கூடாது. அதே மருந்து சோடியத்தையும் குறைக்கலாம், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவையும் கூட்டலாம், ஆகவே சொந்தமாக வாங்கிப் போடவும் கூடாது. வரும்முன் காக்கிறேன் என்று எல்லாருக்கும் கொடுக்கலாமா என்று பிரிட்டனில் 3,127 பேருக்குச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபுளுவாக்ஸெடின் 20 மில்லிகிராம், 6 மாதம். 2018-இல் முடிவு வந்தது: மனச்சோர்வு புதிதாக வருவது கொஞ்சம் குறைந்தது, கைகால் பலம் கூடவில்லை, எலும்பு முறிவு அதிகமானது. எனவே எல்லாருக்கும் அல்ல, வேண்டியவர்களுக்கு.

அப்போது அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நான்தான் சரியாச் செய்யலையோ அண்ணாச்சி? ஆஸ்பத்திரியில கை கால நீவி விடச் சொன்னாவ. கடை இருந்ததுனால நாலு நாள் விட்டுட்டேன்."

இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்தியது, 14 ஆஸ்பத்திரி, 1,250 நோயாளிகள். வீட்டில் உள்ளவர்களுக்கே பயிற்சி கொடுத்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். 2017-இல் வந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். 6 மாதத்துக்குப் பிறகு, பயிற்சி பெற்ற வீட்டுக்கும் பெறாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் அதே முடிவு எனக்கு வேறு விதமாகக் கைகொடுத்தது. நீ நாலு நாள் விட்டதால் உம்மா இப்படி ஆகவில்லை தம்பி, என்றேன். இது பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய வேலை. 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. அப்புறம் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியலுக்குப் போகிற அன்றைக்கே மனநலப் பிரிவிலும் சீட்டுப் போடு. உனக்கே ராத்திரி நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தால் 14416-ஐ அழை, தமிழிலேயே பேசலாம். உம்மா செத்துப்போனால் தேவலை என்பதுபோல் எதையாவது சைகையில் காட்டினால், மருந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தால், ஒரு வாரம் நோட்டு எழுதிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ.

கவருக்குள் காகிதங்களை வரிசையாக அடுக்கினான். கார்டிசால் காகிதத்தை அடியில் வைத்தான், கிழிக்கவில்லை.

"உம்மா எந்தப் பாய் போடுவாவ?" என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான்.

பட்டுப்பாய், என்றான். ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்த கோரையை நகத்தால் தடவிப் பார்த்தே எது பட்டுப்பாய்க்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துவிடுவார்களாம். ஒரே கட்டிலிருந்து, கண்ணால் பார்க்காமலே. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரைப் பின்னும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. அதைச் சொல்லும்போது அவன் விரல்கள் தாமாகவே எதையோ பிரித்துக்கொண்டிருந்தன.

"எந்தக் கையால தடவிப் பாப்பாவ?"

அவன் விரல்கள் நின்றன. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செல்போனை எடுத்தான்.

"ராத்தா, மச்சுல கெடக்க கோரக் கட்ட எறக்கி உம்மா பக்கத்துல போடு. ஆமா, இப்பத்தான். தறி வேண்டாம், கோர மட்டும். இடது கைப் பக்கமா. ஒண்ணும் சொல்லாத, சும்மா போட்டுட்டு வந்து என்ன செய்யுதாவன்னு பாரு."

மாஸ்டர் அவன் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிப்போச்சு என்று வேறு டீ போடப் போனார்.